உள்தாழ்ப்பாள்

திருச்சி
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாணி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. திருச்சி வெயில் என்னைக் கருவாடாக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நீயும் மாமாவும் கஸ்தூரி அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் போனுக்கு எத்தனை முறை அடித்தாலும் ஸ்விட்ச் ஆஃப். மாமாவுக்கு அடித்தேன். "உங்கக்கா போனு ஏரில வுழுந்துச்சி வாணி. இன்னா பண்றது, புச்சு வாங்கணும்"னு சிரித்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு நல்ல சேதி. எங்கள் அறக்கட்டளையில் ஒரு பெரிய வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். புருஷன் துரத்திவிட்டவர்கள், அடிதாங்காமல் வெளியேறியவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள், இப்படிப்பட்ட கடலோரப் பெண்களுக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு தங்கும் இல்லம். எங்கே, எப்படி, யாரைச் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் நான் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு அதை நடத்த ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து ஒப்படைக்க வேண்டும். நம் குப்பத்துப் பக்கமே ஏரிக்கரையில், காற்றோட்டமாக, பெரிய போர்டு வைத்துக் கட்டலாம் என்று நினைக்கிறேன். நீ அங்கேயே வாழ்கிறவள். உனக்குத் தோன்றுவதை எழுது.

உன் அன்புத் தங்கை,
கலைவாணி


குப்பம்
21.7.2024

என் வாணிக்கு,

அக்கா அமுதவல்லியின் முத்தம். கடிதம் எழுதி எத்தனை வருடமாயிற்று! நைனா விசாகப்பட்டினத்துக்குப் படகு வேலைக்குப் போய் எழுதுவாரே, "நலம், நலமறிய ஆவல்" என்று. சொல்ல ஒன்றுமில்லாதவர்கள்தான் அப்படித் தொடங்குவார்கள் என்று நீ கேலி பண்ணுவாய். நான் ஒருநாளும் அப்படித் தொடங்கமாட்டேன். தொடங்கினால் எழுதுவது நானில்லை என்று வைத்துக்கொள்.

இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே. தபால்காரர் எங்கள் தெருவரை வர அலுத்துக்கொள்கிறார். அங்கன்வாடி வசந்தா டீச்சர் பெயருக்கு அனுப்பு. குழாயடி அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போது சும்மாட்டுத் துணிக்குள் மடித்துவைத்துக் கொண்டுவந்துவிடுவேன்.

உன் இல்லத்தைப் பற்றி. ஏரிக்கரை வேண்டாம் வாணி. படகில் நின்று பார்த்தால் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த வீட்டில் அணைந்தது, யார் வாசலில் யார் நிற்கிறார்கள், எல்லாம் தெரியும். போர்டும் வேண்டாம். ஒளிந்துகொள்ள வருகிறவளுக்கு எதற்கு விளம்பரம்? கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கட்டும். கதவுக்குக் கனமான உள்தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருத்தி இங்கே இருக்கிறாள். அவள் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லோரும் சௌக்கியம். மாமா உன்னைக் கேட்டார்.

அமுதா


திருச்சி
3.8.2024

அன்புள்ள அக்கா,

நலமா? எனக்கு லேசாகச் சளி. கஷாயம் குடித்தேன், நீ போடுகிற மாதிரி இல்லை.

நீ சொன்னதைக் கூட்டத்தில் படித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. டைரக்டர் சாலமன் சார் மேஜையைத் தட்டி, "இந்தம்மாவை கமிட்டியிலேயே போடலாம்" என்றார். ஏரிக்கரையைக் கைவிட்டுவிட்டோம். மீஞ்சூரில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ரயில் வரும் ஊர், தினமும் ஆயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். யார் முகமும் யாருக்கும் நினைவிருக்காது. தாழ்ப்பாளை எல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் அக்கா, அது சின்ன விஷயம்.

சேர்க்கும் முறைதான் இப்போது பேச்சு. ஆதார், ரேஷன் கார்டு, ஊர்த் தலைவரின் கடிதம், இவற்றோடு வர வேண்டும். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை சேர்க்கை. வயது ஐம்பத்தொன்பதுக்குள். இதில் ஏதாவது சரியில்லையா?

அந்தத் தெரிந்தவள் யார்? வடக்குத் தெருவா? பெயரைச் சொன்னால் முதல் ஆளாகச் சேர்த்துவிடலாம்.

வாணி


குப்பம்
29.8.2024

கண்ணான வாணிக்கு,

சளி போயிற்றா? மிளகைத் தட்டிப் போடு, அரைத்துப் போடாதே.

பதில் தாமதம். மாமாவுக்கு இப்போது ஏரியில் வலை போடும் பாடு முறை குறைவாக வருகிறது. பாடு இருக்கிற நாளில்தான் எனக்கு எழுத ஓய்வு. மற்ற நாளில் அவர் வீட்டில் இருப்பார், வேலை சரியாக இருக்கும்.

உன் விதிகளைப் படித்தேன். சிரிப்பு வந்தது, கோபிக்காதே. அந்தத் தெரிந்தவளின் ஆதாரும் ரேஷன் கார்டும் புருஷனின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. சாவி அவன் அரைஞாணில். ஊர்த் தலைவரின் கடிதத்தை யாரிடம் போய்க் கேட்பாள்? தலைவர் அவனோடு உட்கார்ந்து சீட்டாடுகிறவர். பத்து மணி முதல் ஐந்து மணி என்கிறாய். அவன் படகு போவது பொழுது சாயும்போது. அப்போதுதான் அவளுக்குக் கால் முளைக்கும். அந்த நேரத்தில் உங்கள் இல்லத்தில் பூட்டுத் தொங்கினால் அவள் திரும்பி அவனிடம்தானே போக வேண்டும்? அதற்கப்புறம் அவளுக்கு என்ன நடக்கும் என்று கமிட்டியில் யாராவது யோசித்தார்களா?

பெயரைக் கேட்காதே. தாழ்ப்பாள் சின்ன விஷயமில்லை.

உன் கடிதங்களைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன். திருச்சிக் காகிதம் நன்றாக எரிகிறது.

அமுதா


திருச்சி
9.9.2024

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது, தட்டித்தான் போட்டேன். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

நீ ஜெயித்துவிட்டாய். எந்த நேரமும் சேர்க்கை, அடையாள அட்டை பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஊர்க் கடிதம் தேவையில்லை என்று மாற்றிவிட்டோம். சாலமன் சார், "பாடுன்னா என்னம்மா, உங்க ஊர்க்காரங்க எல்லாரும் அதைப் பத்தியே பேசறாங்களே" என்று கேட்டார். ஏரியில் மீன் நிறைய விழும் இடங்களை ஊரே முறைவைத்துப் பங்கிடும், முறை வந்தவர் மட்டும் அன்று அங்கே வலை போடலாம், குற்றம் செய்தவனுக்கு ஊர் கொடுக்கும் பெரிய தண்டனை பாட்டை நிறுத்துவது என்று விளக்கினேன். "கோர்ட்டைவிட வேகமா இருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மீஞ்சூரில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு கிடைத்திருக்கிறது. சுற்றுச்சுவர் உயரம். நடத்தும் பொறுப்பை ஜெனிஃபர் என்ற நர்ஸம்மாவின் குழுவிடம் கொடுக்கிறோம். டிசம்பரில் திறப்பு விழா.

வாணி


குப்பம்
30.9.2024

வாணிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அத்தையின் முட்டி பரவாயில்லை. கைதான் சரியில்லை, வீங்கியிருக்கிறது. வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்.

ஒரு கேள்வி. அந்தத் தெரிந்தவளுக்கு மாமியார் இருக்கிறாள். வயது அறுபதுக்கு மேல். மருமகளை அடிக்கும்போது குறுக்கே போய் விழுவாள். பெற்ற தாய் என்றும் அவன் பார்ப்பதில்லை. மருமகள் போய்விட்டால் இருவருக்குமான அடி ஒருத்திக்கு. மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரலாமா? கேட்டுச் சொல். முடியாது என்றால் அவள் வரமாட்டாள்.

அவர்கள் வீட்டு உள்ளறைக் கதவில் முன்பு தாழ்ப்பாள் இருந்ததாம். அவன் ஸ்க்ரூவைத் திருகிக் கழற்றிவிட்டான். மாமியாரும் மருமகளும் கதவுக்குப் பின்னால் அம்மியைத் தள்ளிவைத்துவிட்டுப் படுக்கிறார்கள். அம்மி நகரும் சத்தம் கேட்டால் எழுந்துவிடலாம் என்பதற்காக.

பயமாக இருக்கிறது வாணி. அவளுக்கு.

போன முறை என் கடிதத்தில் எண்ணெய்க் கறை இருந்திருக்கும். மன்னித்துக்கொள். எழுதும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, சட்டென்று பலகாரத் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

அமுதா


திருச்சி
7.10.2024

என் அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

பொங்கலுக்கு நான் வந்தபோது மாமா நண்டு வாங்கி வந்து, ஓட்டை உடைத்து உடைத்து எனக்குக் கொடுத்தார். உள்ளறையில் சேலை மாற்றப் போனேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இருந்தன. கேட்டேன். "உப்புக் காத்துல துரு புட்ச்சி வுழுந்துச்சிமா"னு மாமா சொன்னார். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நண்டு தின்றுவிட்டு ரயிலேறிவிட்டேன்.

அந்தத் தெரிந்தவள் நீதான். அந்த மாமியார் நம் கஸ்தூரி அத்தைதான்.

நேற்று ஊர்த் தலைவர் திருவேங்கடம் பெரியப்பாவிடம் போனில் பேசிவிட்டேன். அழுதுவிட்டேன். "நீ அழாத கண்ணு, நம்ம பொண்ணு மேல கைவச்சா வுடுவோமா"னு சொன்னார். இன்று காலை ஊர் கூடியிருக்கிறது. ஜெகதீஸ்வரன் மாமாவின் பாட்டைத் தை மாதம் வரை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாராம். இனிமேல் உன்மேல் கை வைக்கமாட்டார் அக்கா. இல்லம் தயாராகும்வரை தைரியமாக இரு.

மாமியார் விஷயத்தைச் சொன்னேன். "மாமியாருக்குப் பயந்து வருவாங்க, மாமியாரோட யாரும்மா வருவாங்க" என்று கமிட்டியில் சிரித்தார்கள். நான் விடமாட்டேன்.

உடனே எழுது.

வாணி


திருச்சி
25.10.2024

அக்கா,

எப்படி இருக்கிறாய்? பதில் இல்லை. வசந்தா டீச்சருக்குப் போன் செய்தேன். நீ குழாயடிக்கே வருவதில்லை, அத்தைதான் குடத்தோடு வருகிறார் என்றார். மாமா வாசலிலேயே உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருக்கிறாராம், காலையிலும் அங்கேதான், மாலையிலும் அங்கேதான்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டை நிறுத்தினால் அவர் வீட்டில் இருப்பார். நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

வாணி


குப்பம்
2.11.2024

அன்புள்ள தங்கை கலைவாணிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

இங்கு நானும் என் கணவரும் மாமியாரும் மிக்க மகிழ்ச்சியாக வாழ்ந்து வருகிறோம். நீ தவறாகப் புரிந்துகொண்டு ஊரில் அவருடைய பெயரைக் கெடுத்துவிட்டாய். அவர் என்னைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருக்கிறார். நான் எழுதியதெல்லாம் வேறு ஒரு பெண்ணைப் பற்றி.

நீ ஏதோ இல்லம் தொடங்குவதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று அவர் கேட்கிறார். விவரமாக எழுதவும். இனிமேல் கடிதங்களை வீட்டு முகவரிக்கே அனுப்பவும். இதை அவரே தபாலில் சேர்க்கிறார்.

இப்படிக்கு,
ஜெ. அமுதவல்லி


திருச்சி
12.11.2024

அக்கா,

இது வசந்தா டீச்சர் மூலமாக அத்தையின் மீன்கூடையில் வரும். படித்ததும் அடுப்பில் போடு.

உன் கடிதம் கிடைத்தது. முதல் வரியைப் பார்த்ததும் அதை எழுதியது நீயில்லை என்று தெரிந்துகொண்டேன். வீட்டு முகவரிக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பணமில்லாமல் இல்லத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று இருக்கும். நம்பாதே.

மாமா எழுதவைத்த அந்தக் கடிதத்தையே படம் எடுத்துத் திருவேங்கடம் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "என் மேலதான் தப்பு பெரியப்பா, மாமாவை மன்னிச்சி பாட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க"னு கெஞ்சினேன். உன்னை அடித்த மனிதருக்காக நான் கெஞ்சினேன் அக்கா. "பாத்தியா, ஊர் புத்தி சொன்னா திருந்திடுவான்"னு அவருக்கு ஒரே சந்தோஷம். வரும் திங்கட்கிழமை மாமாவுக்குப் பாடு.

திறப்பு விழாவரை காத்திருக்க முடியாது என்று சாலமன் சாரிடம் சண்டை போட்டுவிட்டேன். இல்லம் இப்போதே திறந்துவிட்டது. வயது வரம்பை அடித்துவிட்டோம், இரண்டு கட்டில் போட்டிருக்கிறது. படகு கிளம்பியதும் வசந்தா டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆட்டோ நிற்கும். ஓட்டுபவர் பெயர் மூர்த்தி, ஜெனிஃபரம்மாவின் ஆள். இருவரும் ஏறிக்கொள்ளுங்கள். எதையும் எடுக்க வேண்டாம். மீஞ்சூரில் ஜெனிஃபரம்மா வாசலிலேயே இருப்பார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாணி


மீஞ்சூர்
19.11.2024

என் தங்கமே,

உயிரோடு இருக்கிறேன். உன் உடம்பு எப்படி? முதலில் சாப்பிடு.

ஜெனிஃபரம்மாவின் போனில் நேற்று உன்னோடு பேசியும் இதை எழுதுகிறேன். போனில் அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை.

படகு துறையை விட்டதும் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "வெளக்கு எரியலன்னா படகைத் திருப்பிக்கினு வந்துடுவான். நான் வெளக்கப் பாத்துக்கறேன், நீ போ"னு சொன்னார். நானும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டு பேரும் சாவணுமா? இன்னாடி உனக்கு கொழுப்பு"னு திட்டி, முதுகில் கை வைத்துத் தள்ளினார். எனக்கு முதுகில் வலி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். அதை விட்டுவிட்டுத் தள்ளினார்.

ஆட்டோவில் ஏரியோரமாகப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டு ஜன்னல் வெளிச்சமாக இருந்தது. வாசல் விளக்கும் எரிந்தது. இரண்டு பேர் இருக்கிற வீடு போலவே இருந்தது. ஏரியில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று உனக்கு எழுதியிருந்தேன். அதை அத்தைக்கு யாரும் படித்துக்காட்டவில்லை, வாணி.

இல்லம் நன்றாக இருக்கிறது. சுவர் உயரம், கக்கூஸ் உள்ளேயே. தாழ்ப்பாளை மேஸ்திரியிடம் சொல்லிக் கனமாகப் போட்டிருக்கிறாய். போட்டால் ஊரே தள்ளினாலும் திறக்காது. அதற்காக எத்தனை கடிதம் எழுதினேன்! ஆனால் போட மனம் வரவில்லை. அத்தைக்குக் கதவு தட்டும் பழக்கம் இல்லை. மூடியிருந்தால் நமக்கு இடமில்லை என்று திரும்பிப் போய்விடுவார். ராத்திரி ஜெனிஃபரம்மா போட்டுவிட்டுப் போகப் போக, நான் எழுந்து திறந்துவைத்தேன். ரயில் வரும்போதெல்லாம் எழுந்து வாசலைப் பார்க்கிறேன். அவர் வருகிறாரோ என்று ஒரு பயம், அத்தை வரவில்லையே என்று ஒரு தவிப்பு. விடிந்து அவர் கரைக்கு வந்திருப்பார். நான் இல்லாததைப் பார்த்திருப்பார். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் விரிப்புக் கசங்காமல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

வசந்தா டீச்சருக்குப் போன் போகவில்லை. நீ பெரியப்பாவிடம் கேட்காதே. ஊரிடம் ஒன்றும் கேட்காதே. உன் கமிட்டி போலீஸுக்குச் சொல்லுமா?

கண்ணே, உன்னைக் கட்டிக்கொள்கிறேன்.

அமுதா

பி.கு. ஒட்டிவைத்த உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மத்தியானம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மீன் வாடை. நிமிர்ந்து பார்த்தால் தலையில் கூடையோடு அத்தை நிற்கிறார். ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கிப்போயிருக்கிறது, வாயோரம் கிழிந்திருக்கிறது. மாமா குடித்துவிட்டுத் தூங்கியதும், வழக்கம்போல வியாபாரத்துக்குப் போகிறவர் மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். மீன்காரக் கிழவியை எவன் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்கப்போகிறான்? பஸ்ஸில் வந்து, நான் சொல்லியிருந்ததை நினைவில் வைத்து பஜாரில் நர்ஸம்மா வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறார். கூடையில் கானாங்கெளுத்தி மிச்சம் இருந்தது. வழியில் விற்றேன் என்றார். அடிபட்ட முகத்தோடு விற்றிருக்கிறார், வாணி!

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்குள் அவர் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி இது, பட்டப்பகல்ல தெறந்து போட்டுக்கினு குந்தினுகிற? அறிவு இல்ல?"

கூடையை இறக்கிவைத்துவிட்டு, அவரே தாழ்ப்பாளைப் போட்டார்.